அமலம் வீட்டுப் பின்வாசல்

இது நான் கண்ணால் பார்த்த கதை இல்லை. திண்டுக்கல் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்த ஜெபசீலி சொன்னது. அவளும் பாதியைப் பார்த்து, மீதியைத் தன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள். எங்கெல்லாம் அவள் "அது எனக்குச் சரியாத் தெரியாது" என்றாளோ அங்கெல்லாம் நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். கூட்டிச் சொல்ல எனக்குப் பயம்.

வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ், காப்பித் தோட்டங்களுக்கும் மலைவாழைக்கும் நடுவே வளைந்து வளைந்து போய், மூச்சு வாங்க நிற்கிற ஊர் ஆனைமுடக்கு. அங்கே மேலத்தெரு என்று ஒன்று, கீழத்தெரு என்று ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு ஓடை. ஜெபசீலி கீழத்தெருக்காரி. மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருவுக்கு வேலைக்கு ஆள் கூப்பிட வருவார்கள், ஓட்டுக் கேட்க வருவார்கள், வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. யாரும் அதைச் சட்டமாகச் சொல்லவில்லை, யாருக்கும் அது தெரியாமலும் இல்லை.

அந்தக் கீழத்தெருவின் கடைசி வீடு அமலோற்பவத்துடையது, ஊர் வாயில் அமலம். கொடைக்கானலில் ஒரு பெரிய ஹோட்டலில் வயசுக்கு வந்த காலத்திலிருந்து அறை சுத்தம் செய்தவள், விரிப்பின் நாலு மூலையையும் தபால் உறை மடிப்பதுபோல் மடித்துச் சொருகத் தெரிந்தவள், துண்டைச் சுருட்டி அன்னமாக்கி வைக்கத் தெரிந்தவள், அத்தனை மெத்தைகளைப் போட்டும் அதில் ஒன்றில்கூட உட்கார்ந்து பார்க்காதவள். ஒருநாள் வேலையை விட்டு வந்து, வீட்டுப் பின்பக்க அறைக்கு வெள்ளையடித்து, ஒரு கட்டிலும் புது மெத்தையும் வாங்கிப் போட்டு, நடுக்கூடத்தில் நாலு பேர் உட்காரும் மேசையும் போட்டு, ஹோம்ஸ்டே நடத்தப்போகிறேன் என்றாள்.

"நம்ம தெருவுல யாருடி வந்து தங்குவா?" என்றான் அவள் புருஷன் சவரிமுத்து.

"மெத்தை எந்தத் தெருவுல கெடக்குன்னு முதுகுக்குத் தெரியுமாக்கும்?"

"முதுகுக்குத் தெரியாது. வாய்க்குத் தெரியும்ல. காலைச் சாப்பாடு சேத்துன்னு வேற போர்டு வைக்கிற."

போர்டு வைத்தாள். பால் காய்ச்சும் நாளைக்கு மேலத்தெரு முழுக்க வீடு வீடாக வாசலில் நின்று அழைத்தாள். எல்லோரும் "வந்துருவோம், வந்துருவோம்" என்றார்கள். அவளும் விடியுமுன்னே எழுந்து இட்லி அவித்து, சௌசௌ சட்னி அரைத்து, கருப்பட்டிக் காப்பி போட்டு, புது எவர்சில்வர் தட்டுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். கீழத்தெரு வந்தது, பங்குச் சாமியார் வந்தார், மேலத்தெருவிலிருந்து ஒரு ஆள் வரவில்லை. வெயில் ஏறியதும் அந்தத் தட்டுகளில் கீழத்தெருப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு முறை சாப்பிட்டார்கள்.

அன்றைக்கு அவள் சவரிமுத்துவிடம் சொன்னது ஜெபசீலியின் அம்மாவுக்கு வரி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "ஒருநா மேலத்தெருவுலருந்து ஒரு ஆளு இந்த மேசையில உக்காந்து நான் வச்சதத் திங்கணும். அன்னைக்குத்தான் இது ஹோம்ஸ்டே. அதுவரைக்கும் இது வெறும் கட்டிலு."

ஆனால் கட்டிலுக்கே ஆள் வரவில்லை. மேலத்தெரு வையாபுரிக்கு இரண்டு ஜீப். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மலை பார்க்க வந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு வருகிறவன் அவன். யாராவது அமலம் வீடு என்று கேட்டால், "அந்த வீடு சரிப்படாது சார். தண்ணி வசதி கெடையாது, பாத்ரூம்ல பாம்பு வருது" என்று சொல்லி வேறு லாட்ஜில் இறக்கிவிடுவான்.

அவன் ஜீப்பில் ஏறாமல் பஸ்ஸிலேயே வந்து சேர்ந்த முதல் விருந்தாளிகள் தூத்துக்குடியில் வாத்தியார் வேலை பார்க்கும் புருஷன் பெண்டாட்டி. ராத்திரி நன்றாகத் தூங்கினார்கள். காலையில் மேசையில் உட்கார்ந்து முதல் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டு வாயில் வைத்தார்கள். அமலோற்பவம் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டப் பின்வாசல் கதவைத் திறந்தாள். கடல் வந்திருந்தது.

அவரைப் பந்தலுக்கு அந்தப் பக்கம், காப்பிச் செடிகள் நிற்க வேண்டிய சரிவில், காலை வெயிலில் தகரம்போல மின்னிக்கொண்டு, நாலு வள்ளமும் ஒரு கலங்கரை விளக்குமாகத் தூத்துக்குடிக் கடல் நின்றது. வாத்தியார் எட்டிப் பார்த்து, "ஆமா, எங்க ஊர்தான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு இட்லி கேட்டார். அமலோற்பவம் உப்புக்காற்றில் புதுத் துண்டுகள் பிசுபிசுத்துவிடும் என்று அவசரமாகக் கொடியிலிருந்து எடுத்தாள். அவர்கள் பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்து பஸ் ஏறியதும் கடலும் போய்விட்டது, காப்பிச் செடிகள் இருந்த இடத்தில் இருந்தன.

ஏன் இப்படி நடந்தது என்று ஜெபசீலிக்குத் தெரியாது. சாமியார் ஒன்று சொன்னாராம், மருந்துக்கடைக்காரர் ஒன்று சொன்னாராம், இரண்டும் யாருக்கும் புரியவில்லை, ஊருக்கும் வேறு வேலை இருந்தது. ஏனென்றால் அடுத்த வாரம் மதுரைக்காரர் வந்தார், பின்வாசலில் பூமார்க்கெட் வந்தது, கீழத்தெருப் பெண்கள் மல்லிகையை மூட்டையில் வாங்கி வந்து தெருவே மணக்க மணக்கக் கட்டினார்கள். பெரம்பூரிலிருந்து ஒருத்தர் வந்தார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுமுன் மின்சார ரயில் பார்த்தார்கள். பொள்ளாச்சிக்காரர் வந்தபோது ஜெபசீலி வீட்டு வெள்ளாடு சந்தைக்குள் மேயப்போய்விட, பதினோரு மணிக்குச் சந்தையோடு ஆடும் போயிற்று. அந்த மனுஷன் நல்லவர், அடுத்த முறை வரும்போது காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். நெய்வேலிக்காரர் வந்த அன்று மட்டும் துணி காயப்போடக் கூடாது என்று முந்தின நாளே சொல்லிவிடுவார்கள், கரித்தூள் பறக்கும்.

பழகப் பழக அதன் ஒழுங்கும் ஊருக்குப் பிடிபட்டது. விருந்தாளி இங்கே தூங்கியிருக்க வேண்டும், அமலம் வைத்ததைச் சாப்பிட வேண்டும். விரதம் என்று சாப்பிடாமல் இருந்த ஒரு பழனிக்காரருக்கு அடிவாரத்துச் சத்தம் மட்டும்தான் வந்தது, ஒரு படிக்கட்டுகூட வரவில்லை. அப்புறம், வருவது இன்றைக்கு இருக்கிற ஊர் இல்லை, அந்த ஆள் தன் ஊரைவிட்டுக் கிளம்பின அன்றைக்கு இருந்த ஊர். முந்தின நாள் கிளம்பினவருக்கு முந்தின நாள் ஊர். பம்பாயில் குடியேறி முடி நரைத்துப்போய் வந்த ஒரு காரைக்கால்காரருக்கு, அவர் இளவயசில் விட்டுக் கிளம்பிய காரைக்கால் வந்தது. அவர் நாற்காலியைத் தூக்கிப் பின்வாசலில் போட்டுக்கொண்டு காலி செய்யும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை.

மேலத்தெருவும் சும்மா இருக்கவில்லை. அவர்களும் கடல் பார்த்தார்கள், மீன் வாங்கினார்கள், பூ வாங்கினார்கள். ஆனால் அமலம் வீட்டு வாசல் வழியாக அல்ல. ஓடையில் இறங்கி, முட்செடிக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை போட்டு, வேலியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார்கள். சேலை கிழிந்தாலும் கிழியட்டும் என்று சுற்றிக்கொண்டே வந்தார்கள். அமலோற்பவம் பின்வாசலில் நின்று, ஹோட்டலில் கற்றுக்கொண்ட மாதிரி கைகூப்பி, "வாங்க, காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க" என்பாள். "இருக்கட்டும் அமலம், இப்பத்தான் குடிச்சோம்" என்று மீன் கூடையோடு முட்செடிக்குள் போவார்கள். அவள் ஒவ்வொரு முறையும் சொன்னாள், அவர்களும் ஒவ்வொரு முறையும் இப்போதுதான் குடித்திருந்தார்கள்.

வையாபுரி மட்டும் வேறு மாதிரி மாறினான். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை பேருக்குப் பெய்துவிட்டுப் போக, தை மாதமே ஓடை வற்றி, ஊருக்குத் தண்ணீர் தரும் ஊற்றும் நூலாகிவிட்டது. அப்போதிலிருந்து அவன் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "சார், எந்த ஊரு? ஊர்ல ஆறு இருக்கா? ஓடுதா?" என்று கேட்டு, ஓடுகிறது என்று சொன்னவர்களை எல்லாம் கையைப் பிடித்து ஏற்றி, "அமலம் வீடு சார், ஏ ஒன் வீடு" என்று கீழத்தெரு முனையில் இறக்கிவிட்டான். அம்பாசமுத்திரத்துக் குடும்பம் ஒன்று வந்தபோது தாமிரபரணி வந்தது. ஊரே பாத்திரம் பண்டம் எல்லாம் நிரப்பியது, கம்பளி துவைத்தது, மாடு கழுவியது. மேலத்தெரு முட்செடி வழியாக வந்து நிரப்பியது. "பாம்பு வருதுன்னு சொன்னீகளாமே அண்ணே, இப்ப வர்றதில்லையா?" என்று சவரிமுத்து கேட்டான். "அது போன வருசம்" என்றான் வையாபுரி.

மாசியில் காட்டில் தீப்பிடித்தது. அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் மலை பார்க்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விருந்தாளி வரத்து நின்றது. ஊற்று சொட்ட ஆரம்பித்தது. லாரித் தண்ணீர் கொண்டைஊசி வளைவுகளைத் தாண்டி வந்து சேரும்போது பாதி ரோட்டில் சிந்தியிருந்தது. பங்குனி போய்ச் சித்திரை வந்தது. மேலத்தெருவில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். வெளியூர் ஆள்தானே வரக்கூடாது, உள்ளூரிலேயே வெளியூர் ஆட்கள் இருக்கிறார்களே என்று யாரோ சொன்னார்கள். யார் என்றால், கல்யாணமாகி வந்த மருமகள்கள்.

மேலத்தெரு மருமகள்களின் பிறந்த ஊர்களை எண்ணிப் பார்த்தபோது பெரும்பாலும் வறண்ட ஊர்கள். கீழத்தெருவிலோ எல்லோரும் மலைக்குள்ளேயே பெண் கொண்டு கொடுத்தவர்கள். கடைசியில் ஆற்றங்கரையில் பிறந்தவள் ஒருத்திதான் தேறினாள். வையாபுரியின் மனைவி சௌந்தரம், குளித்தலைப் பக்கம், காவிரிக் கரை.

"சித்திரையில காவிரியில ஏதுய்யா தண்ணி? மணல்தான் வரும்" என்றார் ஒருவர்.

"கிளம்புன அன்னைக்கு இருந்த ஊருல்ல வரும். ஏத்தா சௌந்தரம், நீ எப்ப கிளம்புன?"

"கல்யாணம் ஆவணியில. ரெண்டு கரையும் தொட்டுப் போய்க்கிட்டிருந்துச்சு."

"அதுக்கப்புறமும் போயிட்டுத்தான வந்த?"

"அதெல்லாம் விருந்தாளியாப் போனது" என்றாள் சௌந்தரம்.

வையாபுரிக்கு ஒரு யோசனை இருந்தது. பெண்டாட்டி அங்கே தூங்கட்டும், தூக்கத்தில் தோஷமில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டிலிருந்து டிபன் கேரியர் போகட்டும். அமலம் வைப்பதும் இட்லி, நம் வீட்டில் அவிப்பதும் இட்லி, இட்லிக்கு என்ன தெரியப்போகிறது. அப்படியே சௌந்தரம் ஒரு தலையணையும் மூன்றடுக்கு டிபன் கேரியருமாகக் கீழத்தெருவுக்கு வந்தாள். அமலோற்பவம் வாசலில் கைகூப்பி, "வாங்க மேடம்" என்றாள்.

"என்னது, மேடமா? ஏ அமலம், கேலி பண்றியா?"

"என் கட்டில்ல படுக்க வர்றவுக எல்லாம் எனக்கு மேடந்தான்."

மறுநாள் விடியும்போதே மேலத்தெரு குடங்களோடு முட்செடிப் பாதையில் வரிசை கட்டி வேலிக்கு வெளியே நின்றது. கீழத்தெருவும் வந்து நின்றது. சௌந்தரம் டிபன் கேரியரைத் திறந்து, தன் வீட்டு இட்லியைத் தின்றாள். பின்வாசலைத் திறந்தார்கள். காவிரி வந்தது, ஆனால் சத்தம் மட்டும். காப்பிச் செடிகளுக்கு மேல், வறண்ட சரிவுக்கு மேல், கரை புரண்டு போகிற பெரிய ஆற்றின் சத்தம் மொத்தமும் வந்து நின்றது. மதகில் விழுகிற தண்ணீர் கேட்டது, துறையில் துணி அடிக்கிற சத்தம் கேட்டது, பரிசல்காரன் கூப்பிடுவதுகூடக் கேட்டது. ஊரே காலிக் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டது. தாகம் கூடுவதுபோல இருந்தது என்றாள் ஜெபசீலி. அவளும் அந்த வரிசையில் நின்றிருந்தாள்.

யாரோ ஒரு பெண் முட்செடிக்குள்ளிருந்து கத்தினாள். "அடியே சௌந்தரம், அவ இட்லியத் தின்னுத் தொலைடி! நாக்கு வறளுது!"

சௌந்தரம் மேசையைப் பார்த்தாள். அவளுக்கு எதிரே, காலையில் வழக்கமாக வைப்பதுபோல், அமலோற்பவம் ஒரு தட்டு வைத்திருந்தாள். அதை நகர்த்தவும் இல்லை, சாப்பிடுங்கள் என்று சொல்லவும் இல்லை. பக்கத்தில் நின்று, ஹோட்டலில் நிற்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "காப்பியா மேடம், டீயா?" என்று மட்டும் கேட்டாள்.

சௌந்தரம் டிபன் கேரியரை மூடினாள். அப்புறம் சொன்னாள்: "கல்யாணமாகி வந்ததுலருந்து எனக்கு யாரும் இப்படிக் கேட்டுக் குடுத்ததில்ல. காப்பி."

காப்பியைக் குடித்தாள். இட்லியைப் பிட்டாள். சௌசௌ சட்னியில் தோய்த்தாள். வாயில் வைத்தாள்.

ஆவணி மாதத்துக் காவிரி, மாந்தோப்பும் படித்துறையுமாக, செம்மண் கலங்கி, நுரை தள்ளிக்கொண்டு, சரிவு முழுக்க நிறைந்து வந்தது. தாமிரபரணி வந்ததைவிடப் பெரிய ஆறு. அது அவரைப் பந்தலைத் தொட்டது, வேலியை மூடியது, முட்செடிப் பாதையில் இடுப்பளவு ஏறியது, பாதையில் நின்றவர்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி ஓடையேறிக் கரை சேர்ந்தார்கள். அந்த வீட்டின் மூன்று பக்கமும் முள்ளும் இழுப்புமாகத் தண்ணீர், குடத்தோடு கால் வைக்க முடியாது. ஆற்றுக்குப் போக மிச்சமிருந்தது ஒரே வழி. கீழத்தெருவில் நடந்து, அமலம் வீட்டு முன்வாசலில் செருப்பைக் கழற்றி, கூடத்தில் நுழைந்து, மேசையைத் தாண்டி, பின்வாசல் படியில் இறங்குவது.

மேலத்தெரு தெருமுனையில் நின்று யோசித்தது. ரொம்ப நேரம் யோசிக்க முடியாது, பதினோரு மணிக்கு ஆறு போய்விடும். முதலில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி படியேறினாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு குடங்களும் வாளிகளும் அண்டாக்களும், போகிற வரிசை ஒன்று வருகிற வரிசை ஒன்று என்று, அமலோற்பவத்தின் நடுக்கூடம் வழியாக மேலத்தெரு மொத்தமும் நடந்தது. தரையெல்லாம் தண்ணீர். அவள் துடைப்பத்தோடு ஓரமாக நின்று, ஒவ்வொருவராக, பேர் சொல்லி, "வாங்க, வாங்க, பாத்து, வழுக்கும், ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கும் எல்லோரும் இப்போதுதான் குடித்திருந்தார்கள்.

பதினோரு மணியாயிற்று. சௌந்தரம் அறைக்குள் போய்க் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "அக்கா, நான் நாளைக்கும் இருக்கேன்" என்றாள். அமலத்தை அக்கா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நாளைக்கும் இருந்தாள், அதற்கு மறுநாளும் இருந்தாள். காவிரியும் இருந்தது. எத்தனை நாள் என்று ஜெபசீலி ஒன்று சொல்கிறாள், அவள் அம்மா ஒன்று சொல்கிறாள், நான் இரண்டையும் எழுதவில்லை. வையாபுரி வீட்டில் அடுப்பு எரியவில்லை. டீக்கடை பன்னும் வாழைப்பழமுமாகப் பொறுத்துப் பார்த்த அவன், ஒரு காலையில் குடவரிசையை இடித்துக்கொண்டு கூடத்துக்குள் வந்து நின்றான்.

"ஏய் சௌந்தரம், போதும், வீட்டுக்கு வா."

"வர்றேன். நான் கிளம்புனா காவிரியும் கிளம்பிரும், ஊருகிட்டக் கேட்டுட்டுக் கூப்பிடுங்க."

வரிசை நின்றது. நிரம்பிய குடமும் நிரம்பாத குடமும் நின்றன. "அண்ணே, வாய மூடிட்டு ஒரு ஓரமா உக்காருங்க. எம்புட்டு வேலை கெடக்கு" என்றாள் கைப்பிள்ளைக்காரி. உட்காரச் சொன்ன இடத்தில் இருந்தது மேசை நாற்காலி ஒன்றுதான். கால் வலித்ததோ, வயிறு காய்ந்ததோ, வெட்கமோ, அவன் அதில் உட்கார்ந்துவிட்டான்.

அமலோற்பவம் துடைப்பத்தைச் சாத்தி வைத்தாள். கையைக் கழுவினாள். தட்டு எடுத்து வைத்தாள், நாலு இட்லி வைத்தாள், சட்னி ஊற்றினாள், மலைவாழைப்பழம் ஒன்று வைத்தாள். "சார், காப்பியா டீயா?"

வையாபுரி தட்டைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், வரிசையில் நின்ற தன் அண்ணன் பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். முதல் இட்லியை மெதுவாகவும் மற்ற மூன்றையும் வேகமாகவும் தின்றான்.

"சட்னி எதுல?" என்றான்.

"சௌசௌல."

"இன்னும் ரெண்டு வை. கெட்டியா ஊத்து."

அவன் அண்ணன் பெண்டாட்டி குடத்தை இறக்கி வைத்துவிட்டு எதிர் நாற்காலியை இழுத்தாள். "அவன் திங்கான், எனக்கு மட்டும் என்ன கேடு? எனக்கும் ஒரு தட்டு வைங்க அமலம். எனக்கு டீ." அவளுக்கு அடுத்து இரண்டு பேர். மேசை நாலு பேருக்குத்தான், அதனால் மற்றவர்கள் சுவரோரம் காத்திருந்தார்கள், காத்திருந்தவர்கள் சாப்பிடுகிறவர்களைச் "சீக்கிரம் எந்திரி" என்று வைதார்கள். அமலோற்பவம் மாவு தீரும்வரை அவித்தாள். தீர்ந்ததும் சவரிமுத்து ஓடிப்போய்த் தெருவில் வீடு வீடாக மாவு வாங்கி வந்தான். அழுதாளா என்று ஜெபசீலியிடம் கேட்டேன். "அழுகறதுக்கு ஏது நேரம்? ஆனா அன்னைக்கு அக்கா நடந்த நடைய நீ பாத்துருக்கணும்" என்றாள்.

வைகாசிக் கடைசியில் மழை பிடித்தது, ஊற்று திறந்தது, சௌந்தரம் அறையைக் காலி செய்துகொண்டு தலையணையோடு மேலத்தெருவுக்குப் போனாள், காவிரியும் போயிற்று. போவதற்கு முன் கட்டில் விரிப்பை அவளே மடிக்கப் பார்த்தாள். அமலோற்பவம் விடவில்லை. "அது என் வேலை மேடம்" என்றாள்.

எல்லாம் மாறிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். திருவிழா இன்னும் தனித்தனியாகத்தான் நடக்கிறது, மேலத்தெரு டீக்கடையில் கீழத்தெருக்காரர்கள் இன்னும் வெளியில் நின்றுதான் குடிக்கிறார்கள் என்று ஜெபசீலி சொன்னாள். அவள் பெருமையாகச் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு கதையை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. எதையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு எழுதுவது என் வழக்கம்.

போன ஆவணியில் நானே ஆனைமுடக்குக்குப் போனேன், இரண்டு நாள் தங்கலாம் என்று. வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. கூடத்தில் மேசை நிறைய ஆட்கள், பேச்சு, சிரிப்பு. அமலோற்பவம் அக்கா கைகூப்பி வரவேற்று, முகத்தில் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "அறை இல்லையே தம்பி. இந்த மாசம் பூராவும் புக் ஆயிருச்சு." யார் என்று கேட்டேன். மேலத்தெருவில் மூன்று கல்யாணமாம், மூன்றுக்கும் சம்பந்தி வீட்டாரைத் தங்க வைக்க மேலத்தெருக்காரர்களே, காலைச் சாப்பாடும் சேர்த்து, முன்கூட்டிப் பதிந்துவிட்டார்களாம். நம்பாமல், மேலேறிப் போய் மூன்று கல்யாண வீட்டிலும் கேட்டேன். மூன்று வீட்டிலும் அது உண்மைதான் என்றார்கள்.